பழைய பாதிச் சட்டக் கேமரா: முதலில் கண்ணாடியைப் பாருங்கள்

பிலிம் கேமரா மீண்டும் இளையோர் தோளில் தொங்கத் தொடங்கிவிட்டது. ஆனால் பிலிம் சுருளின் விலை கையைக் கடிக்கிறது. அதனால்தான் பலரும் பாதிச் சட்டக் கேமராக்களைத் தேடுகிறார்கள். வழக்கமான 35 மில்லிமீட்டர் சட்டத்தை இவை இரண்டாகப் பிரித்துப் படம் எடுப்பதால், 36 படச் சுருளில் 72 படங்கள் கிடைக்கும்.

ஒலிம்பஸ் நிறுவனத்தின் யோஷிஹிசா மைதானி வடிவமைத்த ‘பென்’ 1959இல் வெளிவந்து இவ்வகையைப் பிரபலமாக்கியது. ஜொகூர் பாருவிலும், பாலம் கடந்தால் சிங்கப்பூரின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரிலும் பழைய கேமரா தேடுவோர் வெளித்தோற்றத்தில் மயங்கிவிடக் கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் லென்சுக்குள் பூஞ்சணம் எளிதில் படரும். பாதிச் சட்டப் படத்தைக் கூடுதலாகப் பெரிதாக்க வேண்டியிருப்பதால், லென்சின் குறையும் கூடுதலாகத் தெரியும்.

லென்ஸ்

லென்சின் துளையை முழுதாகத் திறந்து, கைவிளக்கை அடித்துப் பாருங்கள். இரண்டொரு தூசி இருந்தால் பாதகமில்லை. சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் வாங்காதீர்கள். பூஞ்சணம் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால், துடைத்தாலும் தழும்பு போகாது.

லென்ஸ் மாற்றக்கூடிய ‘பென் எஃப்’ வரிசைக்கு, 38 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்சே நல்ல தொடக்கம். முழுச் சட்டக் கேமராவின் 55 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் அளவுக்கு இது காட்டும். கோயில் மண்டபம், இரவு விருந்து போன்ற மங்கலான இடங்களுக்கு 40 மில்லிமீட்டர் எஃப் 1.4 உதவும்.

உடல்

1963இல் வந்த ‘பென் எஃப்’பில் ஒளிமானி கிடையாது. 1966இன் ‘எஃப்டி’யில் உண்டு, ஆனால் ஒளியின் ஒரு பகுதியை மானி எடுத்துக்கொள்வதால் காட்சித்துளை மங்கலாக இருக்கும். அதற்கென இருந்த பாதரச பேட்டரியும் இப்போது தயாரிக்கப்படுவதில்லை. மானி இல்லாத ‘எஃப்’ அல்லது ‘எஃப்வி’யை வாங்கி, கைப்பேசிச் செயலியில் ஒளியை அளப்பதே நிம்மதி.

எளிமையாக எடுக்க விரும்புவோருக்கு ‘பென் இஇ’ வரிசை ஏற்றது. லென்சைச் சுற்றியுள்ள செலினியம் வளையம் ஒளியிலேயே இயங்கும்; பேட்டரி தேவையில்லை. ‘ஆட்டோ’வில் வைத்து, அந்த வளையத்தைக் கையால் மூடிப் பொத்தானை அழுத்துங்கள். காட்சித்துளையில் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் இயங்க மறுத்தால் மானிக்கு உயிர் இருக்கிறது. மூடிய பிறகும் ‘கிளிக்’ சத்தம் கேட்டால் வேண்டாம்.

வீட்டில்

தோல் உறையில் பூட்டி வைப்பது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதாகும். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு வரை இருக்கும் உலர்பெட்டியே நல்லது. வசதி இல்லையென்றால், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். அது ஈரமானதும் மாற்றுங்கள்.

ஒரு சோதனைச் சுருளை எடுத்துக் கழுவிப் பார்த்த பிறகே கேமராவைத் திருமணத்துக்குக் கொண்டு செல்லுங்கள். தாலி கட்டும் நேரம் இரண்டாவது முறை வராது.