ஒரு டன் புகை, மூன்று சதுர மீட்டர் பனி

ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலந்தால், ஆர்க்டிக் கடலின் செப்டம்பர் மாதப் பனிப்பரப்பு 3 சதுர மீட்டர் குறைகிறது. நம் கணக்கில் 32 சதுர அடி; மரக்கடையில் விற்கும் எட்டுக்கு நாலு பிளைவுட் பலகை ஒன்றின் அளவு. ஒரு டன் என்பது எட்டாத அளவும் அல்ல. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளிவரும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் பைக் 22,000 கிலோமீட்டர் ஓடினால் ஒரு டன் ஆகிவிடும்.

ஜெர்மனியின் டிர்க் நோட்ஸ், அமெரிக்காவின் ஜூலியன் ஸ்ட்ரோவ் இருவரும் 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கணக்கு இது. அரை நூற்றாண்டுக்கும் மேலான பனிப் பதிவுகளையும், அதே காலத்தில் மனிதர்கள் வெளியிட்ட மொத்தக் கரியமில வாயுவையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். கிடைத்தது கிட்டத்தட்ட ஒரு நேர்கோடு. உலகம் இப்போது ஓராண்டில் வெளியிடும் புகைக்கு இந்தக் கணக்கைப் போட்டால், 1 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பனி போகிறது.

ஏன் நேர்கோடு? கரியமில வாயு கூடும்போது, வானிலிருந்து கடற்பரப்புக்கு இறங்கும் அகச்சிவப்பு வெப்பமும் கூடுகிறது. அதைத் தாங்க முடியாமல் பனியின் விளிம்பு வடக்கே, வெயில் குறைந்த இடத்துக்குப் பின்வாங்குகிறது. கூடுதலாக வந்த வெப்பத்தைக் குறைவான வெயில் ஈடுசெய்யும் இடத்தில் நின்றுகொள்கிறது. மேலும் புகை சேர்ந்தால் இன்னும் வடக்கே நகர்கிறது.

1979 வாக்கில் கோடை முடிவில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி மிஞ்சியது. 2012 செப்டம்பரில் அது 34 லட்சத்துக்கு இறங்கியது. அந்தச் சாதனை 2025 வரை முறியடிக்கப்படவில்லை. இதைக் காட்டி ‘உருகல் நின்றுவிட்டது’ என்று சொல்வோர் உண்டு. காற்றும் கடல் நீரோட்டமும் சில ஆண்டுகளுக்கு உருகலை வேகப்படுத்தும், சில ஆண்டுகளுக்குத் தணிக்கும். நீண்டகாலப் போக்கு மாறவில்லை.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு தவறான எண்ணம் இருக்கிறது. என் பார்வையில் அதுதான் கூடுதல் ஆபத்தானது: ‘எல்லாம் கைமீறிப் போய்விட்டது, இனிப் புகையைக் குறைத்து என்ன பயன்?’ இந்த அச்சம் காரணமில்லாமல் வந்ததல்ல. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். திறந்த கடலோ பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். பனி குறைந்தால் கடல் சூடாகும், கடல் சூடானால் பனி மேலும் குறையும். ஒரு கட்டத்துக்குப் பிறகு இந்தச் சுழல் தானாகவே முழுப் பனியையும் தின்றுவிடாதா?

2007இல் அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தில் ஸ்டீவன் ஆம்ஸ்ட்ரப் தலைமையிலான குழு, கடல்பனி குறைவதால் உலகின் பனிக்கரடிகளில் மூன்றில் இரண்டு பங்கு இந்த நூற்றாண்டின் நடுவில் மறைந்துவிடலாம் என்று எச்சரித்தது. அந்த எச்சரிக்கையைப் படித்த பலர் கரடிகளைக் கைகழுவி விட்டார்கள். ஆம்ஸ்ட்ரப் விடவில்லை. புகையைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதைக் கணினி மாதிரிகளில் பார்த்து, 2010இல் ‘நேச்சர்’ இதழில் சக ஆய்வாளர்களுடன் விடை எழுதினார்: திரும்ப முடியாத எல்லை எதுவும் தென்படவில்லை, புகையைக் குறைத்தால் பனியும் மிஞ்சும், கரடியும் மிஞ்சும். அடுத்த ஆண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் கணினி மாதிரியில் கோடைப் பனி முழுவதையும் துடைத்துவிட்டுப் பார்த்தார்கள். சுமார் இரண்டே ஆண்டுகளில் பனி, அப்போதைய வெப்பநிலைக்கு உரிய அளவுக்குத் திரும்பிவிட்டது. மூடியில்லாத கடல், இருண்ட குளிர்காலத்தில் தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. மெல்லிய பனியும் தடித்த பனியைவிட விரைவாக வளர்கிறது. கோடையில் ஏறிய கடனைக் குளிர்காலம் அடைத்துவிடுகிறது.

ஆனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். புகையை நிறுத்தினால் உருகல் நிற்கும். போன பனி உடனே திரும்பி வராது. ஏற்கெனவே வெளியிட்ட கரியமில வாயுவில் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கி, வெப்பத்தைக் குறையவிடாது. நிலத்தின் மேல் நிற்கும் கிரீன்லாந்துப் பனிப்படலத்துக்கோ கடல்பனியின் இந்த மீள்திறன் கிடையாது. அது உருகினால் கடல்மட்டமும் உயரும். மிதக்கும் கடல்பனி உருகுவதால் நீர்மட்டம் ஏறக்குறைய உயர்வதில்லை.

தரையில் விழும் பனியும் புகைக் கணக்குக்குள்தான் வருகிறது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால் வட அரைக்கோளத்தின் வசந்தகாலப் பனிப்பரப்பு சுமார் 8 விழுக்காடு குறையும் என்கிறது ஐ.நா. காலநிலைக் குழுவின் 2021 அறிக்கை. மலைப்பனியை நம்பி வாழும் ஆறுகளின் நீர்வரத்தை அது பாதிக்கும்.

அதே குழு 2018இல் சொன்ன ஒப்பீடு எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. பூமியின் வெப்ப உயர்வு 1.5 டிகிரியில் நின்றால், ஆர்க்டிக்கில் பனியில்லாக் கோடை நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும். 2 டிகிரியானால் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது வரும். அரை டிகிரிக்கு இவ்வளவு வித்தியாசம்.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவிலிருந்து வந்த கரியமில வாயு 2024இல் 3,700 கோடி டன்னைத் தாண்டி, அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. அதில் ஓர் அமெரிக்கரின் சராசரிப் பங்கு சுமார் 14 டன், இந்தியரின் பங்கு சுமார் 2 டன். முதலில் குறைக்க வேண்டியவர்கள் யார் என்பதில் ஐயமில்லை. அவர்கள் தொடங்கட்டும் என்று நிலக்கரியை எரித்தபடி காத்திருக்க இந்தியாவுக்கும் நேரமில்லை.