படுத்திருப்பவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது?

டயாலிசிஸ் படுக்கையில் ஒருவர் ஓர் ஆண்டில் எவ்வளவு நேரம் படுத்திருக்கிறார் என்று ஒருமுறை கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு முறைக்கு 4 மணி நேரம், வாரத்துக்கு 3 முறை என்றால் ஆண்டுக்கு 624 மணி நேரம். இரவும் பகலுமாகச் சேர்த்தால் 26 முழு நாள்கள். அந்த நேரத்தில் பெரும்பகுதி அவர் பார்ப்பது எங்கள் முகங்களை அன்று. மேற்கூரையையும் குழல் விளக்கையும் எதிர்ச் சுவரையுமே. இயந்திரத்துக்குச் செல்லும் நீரின் தூய்மையை நாள்தோறும் சோதிக்கும் நாங்கள், அந்தச் சுவரைப் பற்றிப் பல ஆண்டுகள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

எண்ணத் தொடங்கியபோதும் முதலில் தவறுதான் செய்தோம். பச்சை மலையிலிருந்து வெள்ளமாய் இறங்கும் அருவி ஒன்றின் பெரிய படத்தை வாங்கி எதிர்ச் சுவரில் மாட்டினோம். பார்வையிட வந்த அனைவரும் அழகென்றனர். மூன்றாம் வாரத்தில், மதுக்கரைக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து வரும் முதியவர் ஒருவர் செவிலியரை அழைத்தார். "ஏனுங்க சிஸ்டர், தண்ணிய அளந்து குடிங்கன்னு சொல்லிப்போட்டு, கண்ணு முன்னால அருவிய மாட்டி வெச்சிருக்கறீங்களே! நாலு மணி நேரம் அதையே பார்த்துட்டு எப்படீங்க கெடக்கறது?" என்றார்.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுள் பலருக்கு, முந்தைய நாள் வெளியேறிய சிறுநீரின் அளவுடன் ஏறத்தாழ அரை லிட்டர் மட்டுமே சேர்த்துப் பருக இசைவு உண்டு. நாக்கு வறண்டவர் முன் அருவியை வைத்தவர்கள் நாங்கள். படத்தை அன்று மாலையே இறக்கினோம்.

அருவியை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவை 1993-இல் வெளியிட்டனர். சிலருக்கு இயற்கைக் காட்சிப் படம், சிலருக்கு உருவமற்ற நவீன ஓவியம், சிலருக்கு வெற்றுச் சுவர். மரங்களும் நீரும் கொண்ட திறந்தவெளிக் காட்சியைப் பார்த்தவர்களுக்குப் பதற்றம் குறைந்திருந்தது. நேர்கோடுகளாலான உருவமற்ற ஓவியமோ சிலரின் பதற்றத்தைக் கூட்டியது. இதைப் படித்துவிட்டு, நீர் எல்லோரையும் அமைதிப்படுத்தும் என்று முடிவு கட்டினோம். எவருக்கு நீர் மறுக்கப்பட்டிருக்கிறதோ அவரிடம் கேட்க மறந்தோம்.

இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஆய்வு அதற்கும் முந்தையது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டார். 23 பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள். மற்ற 23 பேருக்குச் செங்கற்சுவர். மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாள்களிலும், சுவரைக் கண்டவர்கள் 8.70 நாள்களிலும் வீடு திரும்பினர். வலுவான வலிநீக்கி மருந்தும் முன்னவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984-இல் வெளிவந்த இவ்வாய்வு சிறியதுதான். அதனை அளவுக்கு மீறிப் புகழ நாங்கள் விரும்பவில்லை. ஆயினும் மருத்துவமனை கட்டுவோரை அது சன்னலைப் பற்றிச் சிந்திக்க வைத்தது. பின்லாந்தில் 1933-இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனையின் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ, எந்த ஆய்வுக்கும் காத்திராமல், படுத்திருப்பவரின் கண்ணைக் கூசாத நிறத்தையே அறைகளின் மேற்கூரைக்குத் தேர்ந்தார்.

படத்துக்கும் வலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வலி உணர்வு நரம்பு வழியே தண்டுவடத்தை அடைந்து மூளைக்குச் செல்கிறது. தண்டுவடத்தில் ஒரு வாயில்போன்ற அமைப்பு இருப்பதாகவும், அதை மூளையே ஓரளவு திறக்கவும் மூடவும் வல்லது எனவும் 1965-இல் மெல்சாக், வால் என்னும் இரு அறிவியலாளர்கள் விளக்கினர். அச்சமும் சலிப்பும் வாயிலை அகலத் திறக்கின்றன. கவனம் வேறொன்றில் ஊன்றியிருக்கும்போது அது சற்றே சாத்தப்படுகிறது. ஊசி அதே ஊசிதான்; உணரப்படும் வலியின் அளவு மாறுகிறது.

அருவியை இறக்கியபின் ஒவ்வொருவரிடமும் கேட்டோம். ஒருவர் தென்னந்தோப்பு வேண்டுமென்றார். இன்னொருவர் தர்மலிங்கேசுவரர் மலையைக் கேட்டார். ஒருவர் எதுவுமே வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பேன் என்றார், அதுவும் சரியே. அருவியை எதிர்த்த முதியவர் காங்கேயம் காளை கேட்டார். ஒரு காலத்தில் ஒரு சோடி வைத்திருந்தவராம். படம் வந்ததும் கொம்பின் வளைவு சரியில்லை என்று அரை மணி நேரம் குறை சொன்னார். அந்த அரை மணி நேரம் அவர் கால் குடைச்சலைப் பற்றிப் பேசவில்லை. மேற்குச் சன்னலோரம் இரண்டு படுக்கைகளை வாளையாற்றுப் பக்கத்து மலைகளை நோக்கித் திருப்பிப் போட்டோம். இப்போது அவ்விரண்டுக்கும் போட்டி.

பார்ப்பதைவிட வரைவது இன்னும் ஒரு படி ஆழமானது. செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள பாரதபுரம் தொழுநோயாளர் குடியிருப்பில் 2005-இல் பிந்து கலைப்பள்ளி தொடங்கப்பட்டது. ஆஸ்திரியக் கலைஞர் வெர்னர் டோர்னிக்கும் சமூகப் பணியாளர் பத்மா வெங்கட்ராமனும் அதனை நிறுவினர். அங்கே வரையத் தொடங்கியோர் அதற்குமுன் தூரிகையைத் தொட்டறியாதவர்கள், பலர் முதியவர்கள். தொழுநோய்க் கிருமியைக் கூட்டு மருந்துச் சிகிச்சை அழித்துவிடும். ஆனால் கெட்டுப்போன நரம்பும் குறைந்துபோன விரலும் மீள்வதில்லை. ஊரார் ஒதுக்கிவைத்த நினைவுக்கும் மாத்திரை கிடையாது. அந்தக் கைகளால் தீட்டிய ஓவியங்கள் இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் காட்சிக்கு வைக்கப்பட்டு விற்பனையாயின. மருத்துவம் நிறுத்திய இடத்திலிருந்து அப்பள்ளி தொடங்கியதாகவே எங்களுக்குத் தோன்றுகிறது.

எங்கள் பிரிவில் ஒரு தாயார், "இனிப் போதுங்க" என்று சொல்லித் தொடர்ந்து மூன்று முறை சிகிச்சைக்கு வராமல் இருந்துவிட்டார். டயாலிசிசைத் தவறவிட்டால் குருதியில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே நின்றுபோகக்கூடும். மூச்சுத் திணறலோடு அழைத்து வந்தனர். நலமடைந்தபின் பேசியபோது, வாசலில் கோலம் போடக் குனிய முடியவில்லை, மருமகள் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பெரும் வேதனை என்றார். ஃபிஸ்டுலாவைப் பெரும்பாலும் பழக்கமற்ற கையில்தான் அமைப்போம். ஆகவே அவருடைய வலக்கை சிகிச்சையின்போதும் கட்டற்றிருந்தது. செவிலியர் ஒரு கட்டம்போட்ட நோட்டைக் கொடுத்தார். "எனக்குப் படமெல்லாம் வரையத் தெரியாதுங்க" என்றவர், நேர்ப்புள்ளி பதினைந்தில் தொடங்கி இப்போது மூன்றாம் நோட்டில் இருக்கிறார். கோலம்தான் அவரை மீட்டது என்று சொல்லமாட்டோம். மனநல மருத்துவரின் சிகிச்சையும், மகன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டதும் உடன் நின்றன. அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறோம்.

உடனிருப்போர் இதற்காகச் செலவு செய்ய வேண்டியதில்லை. வீட்டிலிருந்து ஒரு படம் கொண்டுவாருங்கள். எதைக் கொண்டுவருவது என்று நோயாளியையே கேளுங்கள். நீங்கள் நிற்கும் உயரத்தில் வைக்காமல், தலையணையில் உங்கள் தலையை ஒருகணம் சாய்த்துப் பார்த்து, அந்தப் பார்வைக்கு நேரே வையுங்கள். துடைத்தெடுக்கக்கூடிய லேமினேஷன் போதும். கண்ணாடிச் சட்டம் வேண்டா. வரைய விரும்புவோருக்கு வண்ணப் பென்சில் நல்லது. நீர்வண்ணக் கிண்ணங்களைப் படுக்கையருகே கிருமித்தொற்று அச்சத்தால் நாங்கள் அனுமதிப்பதில்லை. ஊசி பொருத்திய கையை நோட்டுக்கு முட்டுக்கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் முதியவருக்கு நாளும் பொழுதும் குழம்புவதுண்டு. அவர் கண்ணில் படும்படி கடிகாரமும் நாட்காட்டியும் குடும்பப் படமும் இருந்தால் அக்குழப்பம் தணிய உதவும்.

படம் எதுவும் கிரியாட்டினினைக் குறைக்காது. மருந்துக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் அது மாற்றன்று. முன்பு விரும்பிய எதிலும் இரண்டு வாரமாக நாட்டமில்லை, உறக்கமும் உணவும் குறைந்தன, "எதுக்கு இதெல்லாம்" என்று அடிக்கடி சொல்கிறார் என்றால், நோட்டு வாங்கித் தருவதோடு நிறுத்தாமல் எங்களிடம் உடனே தெரிவியுங்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை உண்டு.

கட்டம்போட்ட நோட்டுகளும் பென்சில்களும் டயாலிசிஸ் பிரிவின் செவிலியர் மேசையில் உள்ளன, கேட்டால் தருவார்கள். நான்காம் படுக்கைக்கு எதிரேயுள்ள சுவர் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே என்ன வேண்டுமென்று அப்படுக்கையைப் பயன்படுத்தும் மூவரும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.