ரயிலைக் காப்பாற்றிய ரசிகர்கள்!

உங்கள் ஊர் ரயிலை நிறுத்தப் போகிறார்கள் என்றால் என்ன செய்வீர்கள் குட்டீஸ்? பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் ரயில் ரசிகர்கள், 'நாங்களே ஓட்டுகிறோம்' என்று கிளம்பிவிட்டார்கள்!

மலையில் வெட்டிய ஸ்லேட் கற்களை ஏற்றிவர 1860-களில் போட்ட குட்டிப் பாதை, டாலிலின். 1950-ல் அதன் முதலாளி இறந்ததும், மூடும் நிலை வந்தது. எழுத்தாளர் டாம் ரோல்ட் தன் நண்பர்களுடன் சங்கம் தொடங்கினார். 1951-ல் ரயில் அவர்கள் கைக்கு வந்தது. சம்பளம் கிடையாது. தண்டவாளமோ புல்லுக்குள் ஒளிந்திருந்தது. இருந்த இரண்டு எஞ்சின்களில் ஓடக்கூடியது ஒன்றுதான். அது 1866-ல் செய்தது!

நீராவி எஞ்சின் சாவியைத் திருகியதும் கிளம்பாது. காலையிலேயே நெருப்பு மூட்டி, தண்ணீர் கொதித்து நீராவி சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஓடும்போது ஃபயர்மேன் கரி அள்ளிப் போட்டபடியே, கொதிகலனில் தண்ணீர் குறையாமலும் பார்க்க வேண்டும். குறைந்தால் ஆபத்து!

1952-ல் அங்கே கார்டாக உதவ வந்தவர் யார் தெரியுமா? 'தாமஸ்' ரயில் கதைகளை எழுதிய வில்பர்ட் ஆட்ரி! ஒருநாள் விசில் ஊதி ரயிலைக் கிளப்பிவிட்டார். சிற்றுண்டி விற்கும் பெண்மணியோ பிளாட்பாரத்திலேயே நின்றுவிட்டார்! அதையும் பிறகு கதையாக்கிவிட்டார் ஆட்ரி.

ரசிகர்களே காப்பாற்றி நடத்திய உலகின் முதல் ரயில் பாதை இது. இன்றும் ஓடுகிறது, 'கூ... குச் குச்' என்று!