கிளட்ச் வழுக்குகிறதா?

ராபர்ட்சன்பேட்டையில் மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் புறப்படுகிறது. மேடு வருகிறது. ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார். எஞ்சின் கத்துகிறது. ஆனால் வண்டி வேகம் எடுக்கவில்லை. கருகிய வாசனை வருகிறது.

"கிளட்ச் போச்சு" என்கிறோம். உடனே கியர் பாக்ஸை இறக்க வேண்டுமா? பொறுங்கள். முதலில் சோதிப்போம். வீண் செலவு யாருக்கு நஷ்டம்? நமக்குத்தானே!

கிளட்ச் என்ன செய்கிறது?

எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான சக்கரம் ஃபிளைவீல். அதற்கு எதிரே பிரஷர் பிளேட். இரண்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட். இவை அழுந்திச் சுற்றும்போது எஞ்சினின் பலம் கியர் பாக்ஸுக்குப் போகிறது. பெடலை மிதித்தால் பிடி விடுகிறது. கியர் மாற்றுகிறோம். கிளட்ச் பிளேட்டில் உள்ள லைனிங் செருப்பின் அடிபோலத் தேய்ந்துகொண்டே வரும்.

சோதித்துப் பாருங்கள்

கேபிள் உள்ள வண்டியில் முதலில் பெடலைக் கையால் அழுத்துங்கள். கொஞ்ச தூரம் லேசாக இறங்க வேண்டும். இதைப் பிளே என்பார்கள். எவ்வளவு என்று வண்டியின் கையேட்டில் இருக்கும். பிளேட் தேயத் தேய, பிளே குறையும். பிளே இல்லாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. அப்போது கேபிளைச் சரிசெய்யுங்கள்.

பிறகும் சந்தேகமா? சமமான இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எதிரே யாரும் நிற்கக் கூடாது. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுங்கள். சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். மூன்றாவது கியர் போட்டு, பெடலை மெதுவாக விடுங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடினால் வழுக்குகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். பிளேட் சூடாகும்.

கியர் விழாமல் 'கரகர' என்றால் அது வேறு கோளாறு. பிடி விடவில்லை என்று பொருள். கேபிள் தளர்ந்திருக்கலாம்.

கழற்றினால் கவனிக்க வேண்டியவை

லைனிங் ரிவெட் வரை தேய்ந்திருந்தால் பிளேட்டை மாற்றுங்கள். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃபிளைவீல் மூன்றையும் பாருங்கள். பிளேட்டில் எண்ணெய் பட்டிருந்தால் ஆயில் சீல் ஒழுகுகிறது. சீலை மாற்றாமல் புது பிளேட் போட்டால், அதுவும் கெடும்.

தூசி ஜாக்கிரதை

தூசி என்ன செய்யும் என்பது தங்கவயலுக்குத் தெரியும். கல் தூசியைச் சுவாசித்த சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. ஆனால் தூசியின் ஆபத்து வேறு வேலைகளிலும் உண்டு. சில கிளட்ச் லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். புற்றுநோயும் வரலாம். வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். உதவிக்கு வரும் பையனுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பிளேட் நீண்ட நாள் உழைக்க

ஓட்டும்போது பெடல் மேல் கால் வைத்திருக்காதீர்கள். மேட்டில் நிற்கும்போது அரை கிளட்சில் வண்டியைத் தாங்காதீர்கள். பிரேக்கைப் பயன்படுத்துங்கள்.

உங்கள் வண்டியின் பெடலில் பிளே எவ்வளவு? இன்றே பாருங்கள்.