முழு ஆண்டு விடுமுறையில் மண்புழுவுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

பள்ளிக்கூடத்தில் மண்புழு உரத் தொட்டி கட்டுவது புதிய சங்கதி அல்ல. தேசிய பசுமைப்படை வந்த பிறகு பல பள்ளிகளில் கட்டினார்கள். ஆனால், ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது பார்த்தால், தொட்டி காய்ந்து, சருகு மட்டும் கிடக்கும். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. ஈரமான தோல் வழியாகத்தான் மூச்சுவிடுகிறது. போடி வெயிலில் நாலு நாள் தண்ணீர் தெளிக்காவிட்டால் அதன் கதை முடிந்தது.

சிலமலை போன்ற ஊர்ப் பள்ளிகளில் தீனிக்குப் பஞ்சமில்லை. சத்துணவுக்கூடத்துக் காய்கறித் தோல், தூளாக்கிய முட்டை ஓடு, மரத்தடிச் சருகு, பக்கத்துத் தொழுவத்துச் சாணம் எல்லாம் ஆகும். சாணம் மட்டும் பத்து, பதினைந்து நாள் ஆறியதாக இருக்க வேண்டும். பச்சைச் சாணத்தின் சூடு புழுவைக் கொன்றுவிடும். தட்டில் மிஞ்சும் சாம்பார் சாதத்தைக் கொட்டவே கூடாது. உப்பும் புளியும் எண்ணெயும் புழுவுக்கு ஆகாது. நாற்றமெடுக்கும், எறும்பும் எலியும் வரும். பல தொட்டிகள் கோடையைப் பார்க்காமலே மூடப்படுவது இதனால்தான். மலையிலிருந்து ஏலத்தோட்டக் கழிவு கிடைத்தாலும், மருந்தடித்த தோட்டத்துக் கழிவென்றால் வேண்டாம்.

புழுவை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. சென்னை புதுக்கல்லூரியில் பேராசிரியராக இருந்த முனைவர் சுல்தான் அகமது இஸ்மாயில், நம் மண்ணிலேயே இருக்கும் புழுக்களைக் கொண்டு உரம் தயாரிக்கும் முறையைப் பரப்பியவர். அவர் சொல்லும் வழி எளிது. புழுவின் எச்சக் குருணை தென்படும் நிழலான இடத்தில், ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவு குறித்துக்கொள்ள வேண்டும். அரை கிலோ வெல்லத்தையும் அரை கிலோ பச்சைச் சாணத்தையும் 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து அங்கே தெளித்து, வைக்கோலும் பழைய சாக்கும் போட்டு மூடி, தினமும் தண்ணீர் தெளித்தால், 20 முதல் 30 நாளில் புழுக்கள் அங்கே கூடும். ஆப்பிரிக்கப் புழு கழிவை வேகமாகத் தின்னும், உண்மைதான். ஆனால் அது மேலாகவே வாழும். நம் ஊர்ப் புழுக்களில் சில ஆழத்துக்குத் துளையிட்டு மழைத் தண்ணீரை இறக்குவதால், வயலுக்குப் போனாலும் வேலை செய்யும். புழு தேடும் வேலையில் பிள்ளைகளுக்கு வரும் உற்சாகம் எந்தப் பாடத்திலும் வராது!

இனி கோடைக்கு வருவோம். விடுமுறைக்குக் காவலாளியையோ ஆயாவையோ நம்புவது சரிவராது. ஆண்டுத் தேர்வுக்கு முன்பே உரத்தை அள்ளிச் சலித்துவிட்டு, புழுக்களைப் பிள்ளைகளிடம் பிரித்துக் கொடுப்பதே நல்லது. பழைய வாளியின் அடியில் நாலு ஓட்டை போட்டு, ஜல்லி, மணல், அதன் மேல் தோட்டத்து மண், ஆறிய சாணம், சருகு போட்டு, ஒரு கைப்பிடிப் புழுவை விட்டால் போதும். மேலே ஈரச்சாக்கு, இடம், திண்ணையோர நிழல். பிடித்துப் பார்த்தால் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது.

விடியும் முன்பே ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோரின் வீட்டிலும் இந்த வாளியைப் பிள்ளையே பார்த்துக்கொள்ள முடியும். பள்ளியில் சலித்த உரத்திலும் ஆளுக்கு இரண்டு படி கொடுத்தனுப்பலாம். ஒரே மாதிரி இரண்டு கத்தரிச் செடியில் ஒன்றுக்கு மட்டும் உரம் போட்டு, வாரம் ஒருமுறை இலையை எண்ணி நோட்டில் எழுதச் சொன்னால், அப்பா கேட்காவிட்டாலும் தாத்தா வந்து பார்ப்பார். பள்ளி திறந்ததும், வீட்டுக்கு ஒரு பிடி புழு திரும்பி வந்தால் தொட்டி மறுபடி நிரம்பிவிடும். சில வாளிகள் காய்ந்துபோகும். அதனால் தொட்டி நின்றுவிடாது.