மிதிவண்டி ஆற்றுப்படை

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை ஆண்ட நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழிகாட்டும் நூலாகும். வள்ளலின் பெருமையைப் பேசுவதோடு பெருங்கௌசிகனார் நின்றுவிடவில்லை. எந்த இடத்தில் கால் வழுக்கும், பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் எப்பக்கமிருந்து வரும் என்றெல்லாம் அவர் முன்கூட்டியே எச்சரிக்கிறார். நிலத்தைக் காலால் அறிந்தவரின் சொற்கள் அவை. பேருந்தில் செல்வோர்க்கு இத்தகைய வழியறிவு தேவைப்படுவதில்லை. மிதிவண்டியில் செல்வோர்க்கோ ஒரு சிறு மேடும், ஓர் எதிர்க்காற்றும், நீர் புரளும் ஒரு தரைப்பாலமும் பயணத்தின் போக்கையே மாற்றிவிடும்.

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகியவை ஏரிகள் நிறைந்த சமநிலத்தில் அமைந்தவை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்னும் பெயர்களைத் தாங்கிய அதன் வண்டிகள் நாடெங்கும் ஓடின. அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் சென்னை – திருவள்ளூர் நெடுஞ்சாலை, திருத்தணியையும் நகரியையும் கடந்து திருப்பதி வரை நீள்கிறது. மிதிவண்டி உருவான ஊரின் வாசலிலேயே மலைக்குச் செல்லும் வழியும் தொடங்குகிறது எனலாம். பூந்தமல்லியிலிருந்து புறப்படுவோர் திருமழிசை, வெள்ளவேடு வழியாகக் கூவத்தைக் கடந்து திருவள்ளூரை அடைவர்.

இந்நிலத்தின் சரிவை உருவாக்கியது கொசத்தலையாறு. கொற்றலையாறு என்றும் இது வழங்கப்பெறும். நகரி மலைப்பகுதியிலிருந்து வரும் நகரியாறு இதனோடு சேர்கிறது. பூண்டியைக் கடந்து கிழக்கே ஓடும் ஆறு எண்ணூரில் கடலை அடைகிறது. பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பும்போது அதன் நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 43 மீட்டர். அங்கிருந்து கடற்கரை ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுகூட இந்நிலம் உயரவில்லை. ஆவடியிலிருந்து பூண்டிவரை மிதிப்பவர், தாம் மேல்நோக்கிச் செல்வதையே உணரமாட்டார். நீர் தனக்கென மென்சரிவான வழியைத் தேடிக்கொள்கிறது. அதன் கரையை ஒட்டிய சாலைக்கும் அந்த மென்மை கிடைத்துவிடுகிறது. அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல்வரை செல்லும் 'யூரோவெலோ 6' என்னும் ஐரோப்பிய மிதிவண்டித் தடம், லுவார், தன்யூப் முதலிய ஆறுகளைப் பற்றிச் செல்வதும் இக்காரணத்தாலேயே.

ஆவடியிலிருந்து பட்டாபிராம், திருநின்றவூர், செவ்வாப்பேட்டை வழியாகத் திருவள்ளூர் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். அங்கிருந்து வடமேற்கே சென்றால் பூண்டி. 1944இல் கட்டி முடிக்கப்பட்ட இந்நீர்த்தேக்கத்திற்கு, சென்னை மேயராக இருந்து இத்திட்டத்திற்கு வழிகோலிய சத்தியமூர்த்தியின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. இதன் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. ஆந்திரத்தின் கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீரும் 1996 முதல் இங்கு வந்து சேர்கிறது. பூண்டியிலிருந்து கால்வாய்கள் செம்பரம்பாக்கத்திற்கும் புழலுக்கும் நீரைக் கொண்டுசெல்கின்றன. புறநகர்ச் சிறுவன் ஒருவன் தன் வீட்டுக் குழாய்நீர் வந்த வழியை, எதிர்த்திசையில் ஒரு காலைப்பொழுதில் மிதித்தே கண்டுவிடலாம்.

பூண்டிக்கு வடக்கே நிலத்தின் இயல்பு மாறுகிறது. சீத்தஞ்சேரி வழியாக ஊத்துக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் வயல்கள் குறைந்து புதர்க்காடு தொடங்கும். அல்லிக்குழி மலைத்தொடரின் தாழ்ந்த குன்றுகள் தென்படும். மலை என்னும் பெயர் கேட்டு நீலகிரியை எண்ணி வருவோர் ஏமாறுவர். ஆயினும் இம்மேடுகள் ஒரு பெரிய வேலையைச் செய்கின்றன. இவற்றின் தெற்கே விழும் மழைநீர் கொசத்தலையாற்றிற்கும், வடக்கே விழும் நீர் ஆரணியாற்றிற்கும் செல்கிறது. இத்தகைய இடத்தை நீர்ப்பிரிமேடு என்பர். வரைபடத்தில் ஒரு கோடாக மட்டுமே அறியப்படும் இதனை, மிதிவண்டியில் செல்பவர் கால்வலி கூடுவதிலும் பின்னர்க் குறைவதிலும் அறிந்துகொள்கிறார். ஊத்துக்கோட்டையில் ஆரணியாற்றைக் கண்டு, பெரியபாளையம் வழியாகத் திருநின்றவூருக்குத் திரும்பினால், ஆவடியில் தொடங்கி ஆவடியில் முடியும் இச்சுற்று ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஒரே நாளில் இரண்டு ஆற்று வடிநிலங்களைக் கண்ட பயணம் இது.

இக்குன்றுகளின் பாறைகளில் ஆறு உருட்டிய கூழாங்கற்கள் செறிந்துள்ளன. சாலையோரத்தில் சக்கரத்தை உலுக்கும் அந்தக் குவார்ட்சைட் கற்களைத்தான் பழங்கற்கால மனிதர் தம் கருவிகளுக்குத் தேர்ந்தெடுத்தனர். 1863இல் நிலவியலாளர்களான இராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டனர். அங்குள்ள தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. பூண்டியில் உள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தைப் பார்க்காமல் இவ்வழியே சென்று திரும்புவது, விரைவை மட்டுமே கணக்கிடும் பயணமாகிவிடும்.

உண்மையான ஏற்றத்தை விரும்புவோர் திருவள்ளூரிலிருந்து நேர்மேற்கே திருத்தணிக்குச் செல்வர். அங்கு முருகன் கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. வண்டிகள் ஏறுவதற்குச் சாலையும் உண்டு. ஏற்றத்தின் கணக்கு இயற்பியல் பாடத்தில் பயின்றதே. ஆளும் வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் எடை எனக் கொள்வோம். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் செல்ல 30 வாட் அளவு திறன் போதும். நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டர் உயரும் சாலையில் அதே வேகத்தைக் காக்க 140 வாட் அளவு வேண்டும். சாலை சற்றே சாய்ந்ததற்கு உடல் தரும் விலை நான்கு மடங்கிற்கும் மேல்! எனவேதான் மலையேறும் வண்டிகளில் பல பற்சக்கரங்கள் பொருத்தப்படுகின்றன. முன்னால் 44 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால், மிதியை ஒருமுறை சுற்றும்போது வண்டி ஏறத்தாழ 5 மீட்டர் நகரும். இரண்டும் சம எண்ணிக்கையில் இருந்தால் 2 மீட்டர் அளவே நகரும். ஆனால் கால் தளராது. ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் இதே சூழ்ச்சியைச் சாலையில் செய்து காட்டுபவை: தொலைவைக் கூட்டி, சரிவைக் குறைக்கின்றன. அவ்வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் ஆகியோரின் பெயர்கள் சூட்டப்பட்டிருப்பது மூச்சிரைக்க ஏறுவோர்க்குச் சிறிய ஆறுதல்.

காற்றையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். கோடையில் காலை வேளையில் மேல்காற்று வீசும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். விடியலுக்கு முன் மேற்கே புறப்படுபவர் எதிர்க்காற்றைத் தாங்கித்தான் ஆகவேண்டும். கடற்காற்று எழுவதற்கு முன் திரும்பிவிட்டால் அதே மேல்காற்று முதுகைத் தள்ளிவரும். தாமதித்தாலோ திரும்பும் வழியிலும் எதிர்க்காற்றே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் காற்றைவிட வெள்ளமே முதன்மையான தடை. பூண்டியின் உபரிநீர் திறக்கப்படும் நாள்களில் தாழ்ந்த தரைப்பாலங்கள் மூழ்கும். முழங்கால் அளவு ஓடும் நீரும் வண்டியோடு ஆளைச் சாய்க்க வல்லது.

எனினும் இவ்வழித்தடத்தில் மிகக் கடினமான பகுதி திருத்தணி மலையும் அன்று, அல்லிக்குழிக் குன்றும் அன்று. பாடியிலிருந்து திருநின்றவூர் வரையிலான சமதளச் சாலையே அது. லாரிகளும் பேருந்துகளும் தொழிற்சாலை ஊர்திகளும் நெருங்கி ஓடும் அச்சாலையில் மிதிவண்டிக்கென்று தனி இடம் இல்லை. நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை குறுக்கிடும் இடத்தில் வேகமாகத் திரும்பும் ஊர்திகள், ஓரத்தில் செல்பவரை எளிதில் காண்பதில்லை. மலைபடுகடாத்தின் கவண்கல்லுக்கு இணையான இடர் இன்று இங்கேதான் இருக்கிறது.

அதனை நாள்தோறும் எதிர்கொள்வோர் விடுமுறை நாளில் தலைக்கவசம் அணிந்து நெடுந்தொலைவு செல்லும் குழுவினர் மட்டுமல்லர். தமிழ்நாட்டில் 2001-02ஆம் கல்வியாண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென விலையில்லா மிதிவண்டித் திட்டம் தொடங்கப்பட்டது. 2005-06 முதல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவர்க்கும் அது விரிவாக்கப்பட்டது. ஊர்ப்புறத்திலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு அந்த வண்டியில் வரும் மாணவிக்கு நூறு கிலோமீட்டர் சுற்று தேவைப்படுவதில்லை. காலையும் மாலையும் அவள் கடக்கும் சில கிலோமீட்டர்களில் எங்கே சாலை ஒடுங்குகிறது, எந்த வளைவில் மணல் சேர்ந்திருக்கிறது, எந்தத் தரைப்பாலம் மழைக்குப் பின் எத்தனை நாள் மூழ்கியிருக்கும் என்பதை அவள் நன்கு அறிவாள். சாலை அமைப்போர் கையிலுள்ள வரைபடத்தில் அந்த விவரங்கள் இன்னும் இடம்பெறவில்லை.