சீட்டுக் கணக்கும் கல்லூரிப் பாடமும்

பொருள் ஈட்டக் கற்பிக்கும் நம் கல்விக்கூடங்கள், ஈட்டிய பொருளைப் பேணக் கற்பிப்பது அரிதாகவே உள்ளது. இக்குறை சமுதாயக் கல்லூரிகளில் மிகுதியும் உறுத்தும். பல்கலைக்கழக மானியக் குழு இக்கல்லூரிகளுக்கென 2013-ஆம் ஆண்டில் ஒரு திட்டம் வகுத்தது. தொழிற்பயிற்சியே இங்கு முதன்மை. பயில்வோர் விரைவில் சம்பளம் வாங்கத் தொடங்குவர். தம் குடும்பத்திலேயே முதன்முதலாக மாதச் சம்பளம் காண்போரும் அவர்களுள் உளர். பணத்தைப் பற்றிய பாடத்தை அவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது?

பங்குச் சந்தையிலிருந்து தொடங்கலாம் என்பார் சிலர். நாமோ சீட்டிலிருந்து தொடங்குவதே முறை என்போம். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவில் வாணிகம் புரியும் தமிழரும், கரமனையில் குடியிருக்கும் தமிழரும் சீட்டை அறியாதவரல்லர். மலையாளத்தில் இதனைச் சிட்டி என்பர். திருச்சூர்ப் பக்கத்தில் குறி என்பர். திருவிதாங்கூர் அரசு 1918-ஆம் ஆண்டிலேயே இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1969-இல் கேரள அரசு தொடங்கிய நிதி நிறுவனத்திற்கும் சிட்டியே முதன்மைத் தொழில். வீட்டில் நாள்தோறும் காதில் விழும் சொல்லைக் கொண்டு தொடங்கினால் மாணவர் செவி சாய்ப்பர் அல்லவா?

இருபது பேர், இருபது மாதம், ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என ஒரு சீட்டைக் கொள்வோம். மாதந்தோறும் சீட்டுத் தொகை 20,000 ரூபாய். அவசரத் தேவையுடைய ஒருவர் மூன்றாம் மாத ஏலத்தில் 5,000 ரூபாய் கழிவுக்கு இசைந்து, 15,000 ரூபாய் பெற்றுக்கொள்கிறார். சீட்டு நடத்துபவரின் தரகு நூற்றுக்கு ஐந்து என வைத்துக்கொண்டால், கழிவில் 1,000 ரூபாய் அவருக்குச் சேரும். (2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் நூற்றுக்கு ஏழு வரை சட்டம் இடந்தருகிறது.) எஞ்சிய 4,000 ரூபாயை இருபது பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு 200 ரூபாய் தவணையில் குறையும்.

முன்னதாக எடுத்தவர் கொடுத்த வட்டி எவ்வளவு? ஏனைய பதினேழு தவணைகளையும் அவர் கட்டியாக வேண்டும். பின்வரும் ஏலங்களின் கழிவில் அவருக்கும் பங்குண்டு. ஆகவே அன்றே சொல்லக்கூடிய விடையன்று இது. கடைசியில் எடுப்பவர் நிலையோ வேறு. தரகு போக அவருக்குக் கிடைப்பது 19,000 ரூபாய். தவணைக்குச் சராசரி 100 ரூபாய் குறைந்து வந்திருந்தால் அவர் கட்டியது 18,000 ரூபாய், ஆதாயம் ஆயிரம். அக்குறைவு 50 ரூபாய்க்கும் கீழே போயிருந்தால் கைநட்டமே! காத்திருந்தவருக்கு எப்போதும் ஆதாயம் என்னும் எண்ணம் எத்துணைப் பரவலானது என்பதை நாம் அறிவோம். இக்கணக்கைத் தம் கையாலேயே போட்டுப் பார்க்கும் மாணவர் அதனை மறவார்.

கணக்குக்கு அடுத்தது காப்பு. திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி 1938-இல் வீழ்ந்தது. 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. இரண்டுமே கேரள மண்ணில் வேரூன்றிய வங்கிகள். பிந்தியதன் வீழ்ச்சிக்குப் பின்னரே வைப்புத்தொகைக் காப்புறுதிக்குச் சட்டம் பிறந்து, 1962 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அன்று ஒருவருக்குக் காப்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரி 4 முதல், ஒரு வங்கியில் ஒருவருக்கு முதலும் வட்டியுமாக ஐந்து இலட்சம் ரூபாய் என அது உயர்ந்தது.

இக்காப்பு வங்கி வைப்புத்தொகைக்கே உரியது. சீட்டுப் பணத்திற்கோ, நகைக்கடையில் மாதந்தோறும் கட்டும் பணத்திற்கோ இல்லை. சீட்டுக்குள்ள அரண் 1982-ஆம் ஆண்டுச் சட்டமே. முன் அனுமதி பெறுதல், சீட்டுத் தொகைக்குக் குறையாத ஈடு வைத்தல், ஒப்பந்தத்தைப் பதிந்து உறுப்பினர்க்குப் படி தருதல் ஆகியவற்றை அது விதிக்கிறது. ஊர்க்காரர், உறவினர் என்னும் நம்பிக்கையொன்றே பிடிமானமாக நடக்கும் சீட்டு முறிந்தால், கட்டியவர் கையில் காட்டுவதற்கு ஒரு தாளும் இராது.

பிற மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இன்னோர் இடரும் உண்டு. ஒப்பந்தத்தின் மொழி பெற்றோருக்குப் புரியாதிருக்கலாம். மலையாளப் பள்ளியில் பயின்ற பிள்ளைக்கோ அது எளிது. ஆகவே வகுப்பின் முதற்பயிற்சியாக, வீட்டிலுள்ள சீட்டு ஒப்பந்தத்தின் படியை மாணவர் வாசித்து, அனுமதி எண், தரகு, தவணை தவறினால் நேர்வது ஆகிய மூன்றையும் தாய்தந்தையர்க்குத் தமிழில் எடுத்துரைக்கட்டும். படி இல்லாத வீட்டுப் பிள்ளைகள், அது ஏன் தரப்படவில்லை என்று விசாரித்து வரட்டும்.